மரியா வெட்டிய ரொட்டி

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'களிமண்' கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கடைசி இரண்டு பக்கங்களைப் பற்றியே பேசுகிறார்கள். கண்ணைக் கட்டி ஆடும் விளையாட்டு, தட்டில் கைப்பட்ட ஈரமான ஏதோ ஒன்று, ஒரு சரணத்தை விட்டுவிட்டுப் பாடப்பட்ட பாட்டு. பேச வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முதல் பத்தியில் வேலை இருக்கிறது. அங்கே ஒரு சமையலறை மேசையில் நான்கு பெரிய ரொட்டிகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டாத முழு ரொட்டிகள். கிட்டே போனால்தான் அவை நீளமாக, தடிமனாக, ஒரே அளவில் துண்டு போடப்பட்டிருப்பது தெரியும். அவற்றை வெட்டியது மரியா என்று சொல்லிவிட்டுப் பத்தி முடிகிறது.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1914-ல் வெளிவந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் 15 கதைகளில் இது பத்தாவது. டப்ளினில் ஒரு சலவை நிலையத்தின் சமையலறையில் வேலை பார்க்கும் மரியா, கல்யாணம் ஆகாதவள், மிகக் குள்ளமானவள். மூக்கும் நீளம், முகவாயும் நீளம். அக்டோபர் 31, ஹாலோவீன் மாலை. சலவைப் பெண்களுக்குத் தேநீர் பரிமாறிவிட்டு, டிராம் பிடித்து, வழியில் பலகாரம் வாங்கிக்கொண்டு, தான் ஒருகாலத்தில் வளர்த்த ஜோவின் வீட்டுக்குப் போகிறாள். அங்கே பிள்ளைகளோடு ஜோசிய விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டைத் தொட வேண்டும். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், தண்ணீர் என்றால் பிரயாணம், ஜெபப் புத்தகம் என்றால் கன்னிமடம். மரியாவின் விரல்கள் தொட்டது மெத்தென்று ஈரமாக ஒன்றை. அறையில் அமைதி, அப்புறம் கிசுகிசுப்பு. அண்டை வீட்டுப் பெண்கள் விஷமமாகத் தோட்டத்து மண்ணை வைத்திருக்கிறார்கள். மண் என்றால் சாவு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆட வைக்கிறார்கள். இந்த முறை ஜெபப் புத்தகம். பிறகு மரியா பாடுகிறாள், ஜோ கண்ணீர் விடுகிறான். அவ்வளவுதான் கதை.

ரொட்டிக்கு வருகிறேன். அது சாதாரண ரொட்டி இல்லை. பார்ம்பிராக். ஐரிஷ் மொழியில் 'பைரீன் பிராக்', அதாவது புள்ளி விழுந்த ரொட்டி. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த இனிப்பு மாவு, அதற்குள் கிஸ்மிஸ், சுல்தானா, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், பட்டைத்தூள், ஜாதிக்காய். புள்ளி என்பது அந்தப் பழங்கள். ஹாலோவீனுக்குச் சுடும்போது மாவுக்குள் சில பொருள்களை ஒளித்துவைப்பார்கள். மோதிரம் யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் கல்யாணம். காசு வந்தால் பணம். கந்தல் துணி வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் இந்த வருஷமும் கல்யாணம் இல்லை. ஒரு வருஷத்துத் தலையெழுத்தை ஒரு ரொட்டிக்குள் வைத்துச் சுடுகிற பழக்கம்.

இந்தக் கதையைப் பற்றி எழுதுவதென்று முடிவானதும் நானே ஒன்று சுட்டுப் பார்த்தேன். அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ரொட்டி மாவு, 300 கிராம் உலர்பழங்கள், 75 கிராம் சர்க்கரை, 60 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, வெதுவெதுப்பான பால், 2 தேக்கரண்டி ஈஸ்ட். பழங்களை முதல் நாள் இரவே பால் சேர்க்காத கடுந்தேநீரில் ஊறப்போட வேண்டும். நம்மூர் தே ஓ தான், சர்க்கரை இல்லாமல், நன்றாக ஆறவைத்து. மறுநாள் பழத்தை வடிகட்டி ஒட்டத் துடைத்து, முதல் பொங்கல் முடிந்த பிறகுதான் மாவுக்குள் மடித்துச் சேர்க்கிறோம். முன்பே போட்டுப் பிசைந்தால் பழம் நசுங்கி மாவெல்லாம் பழுப்பாகும், புள்ளி இருக்காது. இரண்டாம் முறை பொங்கியதும் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். அடியைத் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும்.

இந்த மாவு எளிதில் பொங்காது. சர்க்கரை அதிகமானால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, ஈஸ்ட் சோர்ந்துபோகிறது. பட்டைத்தூளும் அதற்கு ஆகாது. போதாக்குறைக்கு ஈரப்பழத்தின் பாரம் வேறு. இங்கே 30 டிகிரி வெக்கையில் சாதாரண ரொட்டி மாவு முக்கால் மணியில் இரட்டிப்பாகிவிடும். இது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அக்டோபர் கடைசியில் டப்ளின் குளிரில் அடுப்போரம் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, சுட்டாயிற்று. இப்போது வெட்டுங்கள். அங்கேதான் ஜாய்ஸின் அந்த முதல் பத்தி எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

சூட்டோடு வெட்டினால் உள்ளே இருக்கும் சதை பிசின் மாதிரி கத்தியில் அப்பிக்கொள்ளும். முழுசாக ஆறியிருக்க வேண்டும். ஆறிய பிறகும் சும்மா இல்லை. கத்தி ஒரு கிஸ்மிஸ்ஸை மோதினால் அதை அறுக்காமல் இழுத்துக்கொண்டு போகும். போன வழியெல்லாம் துண்டு பிய்ந்துவிடும். அழுத்தாமல், நீளமாக இழுத்து, ரொட்டியின் எடையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டே வெட்ட வேண்டும். பெரிய ரொட்டியை நீளமான துண்டுகளாக, ஒரே தடிமனில், வெட்டிய கோடே தெரியாதபடி மறுபடி ஒட்டி நிற்கிற மாதிரி வெட்டுவதென்றால் அது பல வருஷக் கை. அப்படி நான்கு ரொட்டிகள். மரியாவைக் குள்ளம், பேதை, பரிதாபம் என்று வகைப்படுத்துவதற்கு முன்னால் ஜாய்ஸ் அவளைப் பற்றி நமக்குக் காட்டுகிற முதல் விஷயம் அவள் கைத்திறமை. படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த மோதிரத்தையும் சேர்த்து யோசிக்கலாம். தேநீர் நேரத்தில் லிஸி ஃப்ளெமிங் என்ற பெண் மரியாவைச் சீண்டுகிறாள், மோதிரம் உனக்குத்தான் வரப்போகிறது என்று. ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் இதே கேலி. எனக்கு மோதிரமும் வேண்டாம், ஆம்பளையும் வேண்டாம் என்று மரியா சிரிக்கிறாள். சிரிக்கும்போது மூக்கு நுனி முகவாயைத் தொடப் பார்க்கிறது. இதைக் கதையில் எல்லோரும் கவனிக்கிறார்கள், வெட்கத்தையும் ஏமாற்றத்தையும் மறைக்கும் சிரிப்பு என்கிறார்கள். சரிதான். ஆனால் மோதிரம் அந்த ரொட்டிக்குள் இருக்கிறது என்றால், ரொட்டியை வெட்டியவள் மரியா. நான் சுட்டதில் ஒரு மோதிரத்தைத் தாளில் சுற்றி வைத்திருந்தேன். ஆறாவது துண்டில் கத்தி டக்கென்று நின்றது. மோதாமலும் போயிருக்கலாம், ஆனால் மோதினால் கைக்குத் தெரியாமல் போகாது. பரிமாறுவதை மேற்பார்வை பார்ப்பதும் மரியாதான், ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு துண்டு சரியாகப் போய்ச் சேருகிறதா என்று. சலவை நிலையத்தில் மோதிரம் யாருக்குக் கிடைத்தது என்று கதை சொல்வதே இல்லை. மரியா ஒரு துண்டாவது சாப்பிட்டாளா என்பதையும் சொல்வதில்லை.

மரியாவுக்கு மோதிரம் இருக்கும் இடம் தெரியும் என்று நான் சாதிக்கவில்லை. அதற்குக் கதையில் ஆதாரம் கிடையாது. ஆனால் அந்தச் சாத்தியத்தை ஜாய்ஸ் திறந்தே வைத்திருக்கிறார், முதல் பத்தியிலேயே கத்தியை அவள் கையில் கொடுத்ததன் மூலம். அப்படிப் படித்தால் கதையின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்கின்றன. சலவை நிலையத்தில் தலையெழுத்தைத் துண்டு போட்டுப் பங்கிடுகிறவள் அவள், கண் திறந்திருக்கிறது. ஜோவின் வீட்டில் அதே ஜோசியத்துக்கு அவள் கண்ணைக் கட்டுகிறார்கள், தட்டுகளை மாற்றிமாற்றி வைப்பது யாரோ. அந்த வீட்டில் மோதிரம் கிடைப்பது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஒருத்திக்கு.

இன்னொரு இனிப்பும் கதையில் இருக்கிறது. பிளம் கேக். மரியா கையில் இரண்டு அரை கிரவுனும் கொஞ்சம் செப்புக்காசும்; டிராம் செலவு போக 5 ஷில்லிங் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பிள்ளைகளுக்குப் பென்னி கேக் ஒரு டஜன். ஜோவுக்கும் அவன் மனைவிக்கும் விசேஷமாக ஏதாவது வேண்டும். ஹென்றி தெருக் கடையில் நேரம் எடுத்துத் தேர்ந்தெடுக்கிறாள். கடைப்பெண் எரிச்சலோடு, உங்களுக்கு வேண்டியது கல்யாணக் கேக்கா என்று கேட்கிறாள். மரியா முகம் சிவக்க, அந்தப் பெண் எல்லாவற்றையும் முகம் மாறாமல் எடுத்துக்கொண்டு ஒரு தடித்த துண்டை வெட்டிப் பொட்டலம் கட்டுகிறாள். விலை 2 ஷில்லிங் 4 பென்ஸ். கவனியுங்கள், இங்கே வெட்டுகிறவள் வேறு ஒருத்தி.

பிராக்குக்கும் பிளம் கேக்குக்கும் உள்ள தூரம்தான் கதையின் தூரம். இரண்டிலும் அதே கிஸ்மிஸ். ஆனால் ஒன்று ஈஸ்ட்டில் பொங்குகிற ரொட்டி. மாவு அதிகம், வெண்ணெய் குறைவு, ஐம்பது பேருக்குப் பங்கிடலாம். மற்றது வெண்ணெயும் முட்டையும் கனத்த கடைச் சரக்கு. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நமக்கும் தெரியும். கையால் செய்த பண்டத்தைவிடக் கடைப் பெட்டிக்கு மரியாதை அதிகம் என்பதும் தெரியும். மரியா தன்னால் சிறப்பாகச் செய்ய முடிந்ததைச் சலவை நிலையத்து மேசையில் விட்டுவிட்டு, கையிருப்பில் பாதியைக் கொடுத்து அடுத்தவர் வெட்டிய துண்டோடு டிராம் ஏறுகிறாள். அதுதான் தொலைகிறது. டிராமில் இடம் கொடுத்துப் பேச்சுக் கொடுத்த, கொஞ்சம் குடித்திருந்த கிழவரின் நினைப்பில் படபடப்பாக இறங்கியவள் பொட்டலத்தை விட்டுவிட்டாள்.

கேக்கைக் காணோம் என்றதும், யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டீர்களா என்று பிள்ளைகளிடம் கேட்கிறாள். பிள்ளைகளின் முகம் சுண்டுகிறது. திருட்டுப் பட்டம் கட்டினால் உங்கள் கேக்கே வேண்டாம் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மண் தட்டு வருகிறது. வைத்தது பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று நாம் ஊகிக்கிறோம், ஜோவின் மனைவி கடிந்துகொள்வது அவர்களை. ஆனால் அந்தச் சிரிப்பில் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கிருக்காதா?

மரியாவைப் பற்றி எழுதியவர்கள் நீண்டகாலம் இரண்டு பக்கமாக நின்றார்கள். பெயரை வைத்து அவளைக் கன்னி மரியாள் என்றார்கள். மூக்கையும் முகவாயையும் வைத்துச் சூனியக்காரி என்றார்கள். இரண்டையும் சேர்த்து ஏழை அயர்லாந்தின் உருவகம் என்றவர்களும் உண்டு. 1987-ல் மார்கோ நாரிஸ் எழுதிய கட்டுரை இந்தச் சண்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. கண்கட்டு மரியாவுக்கு மட்டுமில்லை, வாசகருக்கும்தான். கதைசொல்லும் குரலே மரியாவை நல்லவிதமாகக் காட்டப் பாடுபடுகிறது, எல்லோரும் அவளை நேசிக்கிறார்கள், அவளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று நம்மை நம்பவைக்கப் பார்க்கிறது என்பது அவர் வாதம். எனக்குத் தெரிந்து இந்தக் கதைக்கு அதைவிடக் கூர்மையான வாசிப்பு இல்லை.

அந்த வாசிப்பை ஒப்புக்கொண்டால் என் ரொட்டி என்ன ஆகும்? அதுவும் அந்தக் குரலின் முகஸ்துதிதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இது. கதைத் தொடக்கத்தின் மற்ற பாராட்டுகள் பிறர் வாயில் வருகின்றன. கொப்பரையில் முகம் பார்க்கலாம் என்பது சமையல்காரி சொன்னது. சமாதானம் செய்துவைப்பவள் என்பது மேட்ரன் சொன்னது. ரொட்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கிட்டே போய்ப் பார் என்று மட்டும் இருக்கிறது. குரல் பொய் சொல்லலாம், துண்டுகள் பொய் சொல்லாது. அவை அன்று மாலை எண்ணிப் பரிமாறப்பட்டன, தின்னப்பட்டன. முழுசாகத் தெரிவது வெட்டுப்பட்டது என்ற அந்த வாக்கியம் கதையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பும்கூட. மரியாவின் நிறைவு தூரத்துப் பார்வைக்கு முழுசு. கிட்டே போனால் கோடு தெரியும்.

இந்தக் கதையைத் தமிழில் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் மூன்று இடத்தில் தடுக்கி நிற்பார். முதலாவது பிராக். 'கேக்' என்று போட்டால் கதையின் இரண்டு இனிப்பும் ஒன்றாகிவிடும், மரியா தொலைத்தது எது என்பதே குழம்பும். 'ரொட்டி' என்று போட்டால் பண்டிகை போய்விடும். 'பழ ரொட்டி' என்பது என் சிபாரிசு. இரண்டாவது, 'பார்ம்' என்ற ஆங்கிலச் சொல். ஐரிஷ் 'பைரீன்' ஆங்கில வாயில் 'பார்ம்' ஆனது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பீர் காய்ச்சும்போது மேலே திரளும் நுரை. பொட்டல ஈஸ்ட் வருவதற்கு முன் அதைத்தான் மாவில் ஊற்றினார்கள். கள் ஊற்றி ஆப்பம் புளிக்கவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாவைத் தூக்குவதும் ஆளைச் சாய்ப்பதும் ஒரே நுரை. ஜோ குடித்துவிட்டு வந்தால் வேறு ஆள் என்பது மரியாவுக்குத் தெரியும். சலவை நிலையத்திலிருந்து கிளம்பும் முன்பே அந்தக் கவலை இருக்கிறது. அவன் வீட்டில் ஸ்டவுட் வேண்டுமா என்கிறான், வேண்டாம் என்றவளை வற்புறுத்தி ஒயின் குடிக்க வைக்கிறார்கள். கள்ளுக்கடைகளின் கதையை நூறு விதமாக எழுதியிருக்கும் மலேசியத் தமிழ் வாசகர் இந்தக் கவலையை உடனே புரிந்துகொள்வார்.

மூன்றாவது, தலைப்பு. கதையின் உடலில் 'களிமண்' என்ற சொல் வரவே வராது. விரலில் பட்டது ஈரமான, மெத்தென்ற ஒரு பொருள், அவ்வளவே. பெயர் தலைப்பில் மட்டும் இருக்கிறது. மரியாவிடம் எல்லோரும் மறைத்ததை நமக்கு மட்டும் சொல்லும் தலைப்பு அது. முதலில் ஜாய்ஸ் வைத்த பெயர் 'ஹாலோ ஈவ்'. அதை மாற்றியதில்தான் கதை பிறந்தது என்பேன். தமிழில் 'களிமண்' என்றால் மண்டையில் இருப்பது களிமண்ணா என்கிற வசவு முந்திக்கொண்டு வரும், மரியா மந்தபுத்தி என்று கதையே சொல்வது போலாகும். வெறும் 'மண்' என்றால் குழியில் மூன்று கைப்பிடி போடுகிற மண் வரும், வாயில் மண் விழுவதும் வரும். நான் 'மண்' பக்கம்தான். ஆனாலும் பழக்கத்தால் இந்தக் கட்டுரையில் 'களிமண்' என்றே குறிப்பிட்டிருக்கிறேன்.

அந்தச் சலவை நிலையம் கற்பனை இல்லை. 'டப்ளின் பை லாம்ப்லைட்' என்ற பெயரில் பால்ஸ்பிரிட்ஜ் பகுதியில் இருந்தது. புராட்டஸ்டண்டுகள் நடத்திய, 'வழி தவறிய' பெண்களுக்கான இல்லம். கத்தோலிக்க மரியா அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். சுவரில் தொங்கும் சமயத் துண்டுப்பிரசுரங்கள் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. அயர்லாந்தின் இத்தகைய நிலையங்களில் கடைசியாக இருந்தது, கன்னியாஸ்திரிகள் நடத்தியது, 1996-ல்தான் மூடப்பட்டது. 2013-ல் அந்நாட்டுப் பிரதமர் எண்டா கென்னி மக்டலீன் சலவை நிலையங்களில் அடைபட்டிருந்த பெண்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' (2021) அப்படியொரு நிலையத்தைப் பற்றிய குறுநாவல். அதிலும் ஒரு குடும்பம் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் கேக் செய்யும் இடம் உண்டு. அதே ஊரில் அடைபட்ட பெண்கள் இருக்கும்போது இந்த வீட்டில் வெண்ணெயும் சர்க்கரையும் குழைகின்றன. கீகன் அந்த முரணை நாம் தவறவிடாதபடி எழுதுகிறார். ஜாய்ஸ் தவறவிடும்படி எழுதினார். கைகளில் ஆவி பறக்க, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே இரண்டு மூன்று பேராக உள்ளே வருகிற அந்தப் பெண்கள் யார், ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட விளக்கம் இல்லை. ஆளுக்கு நான்கு துண்டு. அதில் ஒருத்திக்கு மோதிரம் வந்தால்கூட அந்தக் கதவைத் தாண்டி அவளைக் கட்டிக்கொள்ள யார் வருவார்கள்? அந்தக் கேலிக்கு அவர்கள் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். மரியாவின் சிரிப்பைப் பற்றி எழுதிய கைகள் அந்தச் சிரிப்பைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

இதை ஏன் இங்கே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம்முடைய விமர்சனத்திலும் சமையலறை வந்தால் உடனே 'மண்வாசனை' என்று ஒரு முத்திரை குத்திவிட்டுக் கடந்துபோகிற வழக்கம் இருக்கிறது. தோட்டப்புறக் கதைகளில் எத்தனை அடுப்புகள், எத்தனை பெரியம்மாக்கள், கல்யாணமாகாத அத்தைகள். அவர்களைத் தியாகம் என்கிறோம், இல்லாவிட்டால் பரிதாபம் என்கிறோம். அந்த அத்தை என்ன செய்தாள், எப்படிச் செய்தாள், அதைச் செய்ய எத்தனை வருஷம் பழகினாள், செய்ததில் அவளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்பது குறைவு. வேலையைப் படிக்காமல் ஆளைப் படிக்க முடியாது. எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்: ஒரு பாத்திரத்தின் கை என்ன செய்கிறது என்று சரியாக எழுதிவிட்டால் அவள் துயரத்தைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

கதையின் முடிவில் மரியா ஒரு பழைய நாடகப் பாட்டைப் பாடுகிறாள். இரண்டாம் சரணம் காதலர்கள் வந்து கைப்பிடிக்கக் கேட்பதைப் பற்றியது. அதைப் பாட வேண்டிய இடத்தில் முதல் சரணத்தையே மறுபடி பாடுகிறாள். யாரும் திருத்தவில்லை. ஜோவுக்குக் கண் நிறைந்துபோய்த் தேடுகிற பொருள் அகப்படவில்லை. தக்கை திறக்கும் திருகு எங்கே என்று மனைவியைக் கேட்கிறான். அழுதாலும் அடுத்த புட்டியைத்தான் தேடுகிறான். மரியா இரவு எப்படித் திரும்பினாள் என்று கதை சொல்லவில்லை. மறுநாள் காலை அவளுக்குப் பூசை உண்டு, அதற்காக அலாரம் வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.